கையால் தொட்டுப் பார்த்து என்ன தெரியும்? தறி ஓட்டும் ஓர் அப்பாவின் குறுக்கு வலி பற்றி

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் என் அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். வயது 54. மூன்று வாரமாகக் குறுக்கு வலி, இடது காலில் பாதம் வரை இழுக்கிறது. டாக்டரிடம் கூட்டிப்போனோம். குதிகாலில் நடக்கச் சொன்னார், படுக்க வைத்து ஒவ்வொரு காலாகத் தூக்கினார், கால் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார், உள்ளங்காலில் எதையோ வைத்துக் கீறினார். பத்து நிமிடம்தான். "இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். எம்.ஆர்.ஐ. எடுக்காமல் என்ன தெரியும் என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். கையால் தொட்டுப் பார்த்தால் உண்மையில் என்னதான் தெரியும்?

பதில்:

உங்கள் டாக்டர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அந்த நாலு காரியத்தையும் அவர் கவனமாகச் செய்திருந்தால், பத்து நிமிடத்தில் நிறையவே பார்த்திருக்கிறார். நான் சேலத்தில் 26 வருடமாகப் பிசியோதெரபி பார்க்கிறவன். தறிக்காரர்கள், கொலுசுப் பட்டறைக்காரர்கள், லாரி டிரைவர்கள், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து ஆட்கள் என்று தினம் வருகிறவர்களின் குறுக்கையும் முட்டியையும் தொட்டுப் பார்ப்பதுதான் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தொடுவதற்கு முன்னால் பேச்சு இருக்கிறது. அதில் நம் தமிழே ஒரு சிக்கல். "நரம்பு இழுக்குதுங்க" என்று வருகிறவர் காட்டுவது சில நேரம் புடைத்த ரத்தக்குழாயாக இருக்கும், சில நேரம் தசைநாராக இருக்கும், எப்போதாவது உண்மையிலேயே நரம்பாக இருக்கும். மூன்றுக்கும் நாம் வைத்திருப்பது ஒரே சொல். "இடுப்பு வலி" அதைவிட மோசம். பாவாடை நாடா கட்டும் இடமும் இடுப்பு, கீழ் முதுகும் இடுப்பு, தொடை எலும்பு வந்து சேரும் பந்துக்கிண்ண மூட்டும் இடுப்பு. "கால்" என்றால் தொடை தொடங்கி விரல் நுனி வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: "ஒரே ஒரு விரலை வெச்சுக் காட்டுங்க." ஒரு புள்ளியில் விரல் வைக்கிறவருக்கும், உள்ளங்கையால் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை தடவிக் காட்டுகிறவருக்கும் பெரும்பாலும் கோளாறு வேறு வேறு.

வலியைச் சொல்லும் சொற்கள் மட்டும் நம்மிடம் தாராளமாக இருக்கின்றன. குடைச்சல், உளைச்சல், கடுகடுப்பு, மதமதப்பு, சுருக்கென்று குத்துவது, மின்சாரம் மாதிரி ஓடுவது. மதமதப்பும் மின்சாரமும் எறும்பு ஊறுவதும் சேர்ந்து வந்தால் நரம்பு பக்கம் பார்க்கத் தோன்றும். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்திருக்கிறது என்றால் மூட்டில் அழற்சி இருக்குமோ என்று தோன்றும். பத்து நிமிடத்தில் விட்டுவிடும் பிடிப்பு வேறு, அது தேய்மானத்தில் சாதாரணம்.

1992-இல் இங்கிலாந்தில் சில மூட்டு மருத்துவர்கள், ஓர் ஆளின் மூட்டு, தசை, முதுகு எல்லாவற்றையும் சில நிமிடத்தில் சல்லடை போட ஒரு முறையை வகுத்தார்கள். நடை, கை, கால், முதுகெலும்பு என்று வரிசையாகப் பார்ப்பது. அதற்கு முன் மூன்றே கேள்விகள். தசையிலோ மூட்டிலோ முதுகிலோ வலி, பிடிப்பு உண்டா? யார் உதவியும் இல்லாமல் முழுசாக உடுத்திக்கொள்ள முடிகிறதா? படி ஏறி இறங்க முடிகிறதா? எவ்வளவு எளிமை பாருங்கள். உடுத்துவதில் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் எல்லாம் வந்துவிடும். படியில் இடுப்பு மூட்டு, முட்டி, கணுக்கால், தொடைத் தசை வந்துவிடும். நம் ஊருக்கு நான் நாலாவதாக ஒன்று சேர்த்துக்கொள்வேன்: தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழ முடிகிறதா? தரையில் உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றும் பெண்களிடமும், குத்தவைக்கும் கழிப்பறை உள்ள வீட்டுக்காரர்களிடமும் படியைவிட இதில் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

சேலத்துக்காரர்களுக்கென்று இன்னொரு கேள்வி வைத்திருக்கிறேன். பாடத்தில் இந்த வடிவத்தில் இருக்காது, மலையடிவாரத்தில் இருப்பதால் வந்த வசதி. "ஏறும்போது வலிக்குதா, இறங்கும்போது வலிக்குதா?" தோட்டத்தில் சரிவில் வேலை செய்கிறவர்கள் இதற்கு யோசிக்காமல் பதில் சொல்வார்கள். முட்டிச்சில்லுக்குப் பின்னால் கோளாறு என்றால் இறக்கம்தான் எதிரி, ஏற்றம் ஓரளவு ஓடும். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருந்தால் ஏற்றத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நின்றாலே போதும், உட்காரக்கூட வேண்டாம், இரண்டொரு நிமிடத்தில் விட்டுவிடும். இவருக்குப் பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும். பீடி உண்டா, சர்க்கரை உண்டா என்றும் கேட்க வேண்டும். மூன்றாவது வகை, வயதானவர்களுக்கு முதுகெலும்புக் குழாய் சுருங்கி நரம்புகள் நெருக்கப்படுவது. இவர்கள் முன்னால் குனிந்தால் குழாய் கொஞ்சம் விரியும், நிமிர்ந்தால் சுருங்கும். ஏற்றத்தில் உடம்பு தானாகவே முன்னால் சாய்வதால் ஏறிவிடுவார்கள், இறக்கத்தில் நிமிர வேண்டியிருப்பதால் கால் மரத்துப்போகும். நடந்தால் நூறு அடியில் நிற்கிற தாத்தா சைக்கிளில் சந்தைக்குப் போய் வந்துவிடுவார். வீட்டில் எல்லாரும் அவர் நடிக்கிறார் என்பார்கள். பாவம், அவர் நடிக்கவில்லை.

சரி, உங்கள் அப்பாவிடம் வருகிறேன்.

குதிகாலில் நடக்கச் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. கீழ் முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வேர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் தட்டுதான் டிஸ்க். அது பிதுங்குவது பெரும்பாலும் கடைசி இரண்டு தட்டுகளில்தான் நடக்கும். அதில் மாட்டிக்கொள்வது எல்5, எஸ்1 என்று பெயர் வைத்திருக்கும் இரண்டு வேர்கள். பாதத்தை மேலே தூக்கிப் பிடிக்கும் தசைக்கு எல்4, எல்5 இரண்டும் போகின்றன, அதனால் அது தளர்ந்தால் குதிகாலில் நடக்க வராது. கட்டைவிரலை மேல்நோக்கி நிமிர்த்துவது ஏறக்குறைய முழுக்க எல்5-இன் வேலை. உங்கள் அப்பாவின் கட்டைவிரலை டாக்டர் அழுத்தியபோது "மேலே தள்ளுங்க, நான் அமுக்குறேன்" என்று சொல்லியிருப்பார், இரண்டு காலிலும் செய்து ஒப்பிட்டிருப்பார். நுனிக்காலில் எக்கி நிற்கச் சொல்வது எஸ்1-க்கு. அதையும் பார்த்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே காலில் நின்று பத்துத் தடவை எக்கச் சொன்னால்தான் லேசான தளர்ச்சி வெளியே வரும். கெண்டைக்கால் தசை அவ்வளவு வலுவானது, கையால் அழுத்திப் பார்த்தால் ஏமாற்றிவிடும்.

இந்தத் தசை பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1943-இல், நரம்பில் காயம்பட்டவர்களைப் பார்க்க பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் குழு பரப்பிய அளவு. 0 என்றால் அசைவே இல்லை. 1 என்றால் தசையில் ஒரு துடிப்பு மட்டும். 2 என்றால் புவியீர்ப்பை நீக்கி, பக்கவாட்டில் வைத்தால் அசையும். 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்கும், நம் கையின் அழுத்தத்தைத் தாங்காது. 4 கொஞ்சம் தாங்கும். 5 முழு பலம். எளிமையானது, உலகம் முழுக்க ஒரே மாதிரி. எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு: 4 என்பது ரொம்ப அகலமான அறை. லேசாகத் தளர்ந்தவரும் பாதி போனவரும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள்.

காலைத் தூக்கியது அடுத்தது. மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டியை மடக்காமல் ஒரு காலை மெதுவாக உயர்த்துவது. பிரான்சின் லாசேக் பெயரில் இது வழங்குகிறது, ஆனால் 1881-இல் அதை எழுதி வைத்தவர் அவருடைய மாணவர் ஃபோர்ஸ்ட். அதற்கு ஒரு வருடம் முன்பே செர்பியாவில் லசாரெவிச் என்ற மருத்துவர் இதையே விளக்கிவிட்டார். பெயர் யாருக்குப் போனாலும் தத்துவம் ஒன்றுதான். கால் உயர உயரத் தொடைக்குப் பின்னால் ஓடும் பெரிய நரம்பு இழுபடும். வேர் ஏற்கெனவே நெருக்கத்தில் இருந்தால், ஏறக்குறைய 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குள் வலி முட்டிக்குக் கீழே மின்னலாகப் பாயும். இந்த "முட்டிக்குக் கீழே" முக்கியம். தொடையின் பின்புறம் மட்டும் இறுக்கமாக இருக்கிறது என்றால் அது வெறும் தசை இறுக்கம், பாதிப்பேருக்கு இருக்கும். சந்தேகம் வந்தால், வலி வந்த உயரத்திலிருந்து காலைக் கொஞ்சம் இறக்கி, பாதத்தை மட்டும் முகத்தை நோக்கி மடக்கிப் பார்ப்போம். மறுபடி மின்னல் பாய்ந்தால் நரம்புதான்.

ஒவ்வொரு காலாகத் தூக்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். வலி இல்லாத வலது காலைத் தூக்கும்போது இடது காலில் வலி வந்ததா? அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். வலிக்கிற காலைத் தூக்கினால் டிஸ்க் பிதுங்கியவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு வலிக்கும், ஆனால் வலித்தவர்கள் எல்லாருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்காது. மறு காலைத் தூக்கும்போது இந்தக் காலில் வலிப்பது கொஞ்சம் பேருக்குத்தான் வரும். வந்துவிட்டால் டிஸ்க் என்பதற்கு வாய்ப்பு மிக அதிகம்.

உள்ளங்காலைக் கீறியது பாபின்ஸ்கி என்ற நரம்பு மருத்துவர் 1896-இல் சொன்ன சோதனை. குதிகாலிலிருந்து வெளியோரமாக விரல்களை நோக்கிக் கீறினால் கட்டைவிரல் கீழே மடங்க வேண்டும். மேலே எழும்பி மற்ற விரல்கள் விசிறிபோல் விரிந்தால் கோளாறு மூளையிலோ தண்டுவடத்திலோ இருக்கிறது என்று பொருள். தண்டுவடம் கீழ் முதுகின் தொடக்கத்திலேயே, முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் அளவில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே வெறும் நரம்புக் கற்றைதான். ஆக, குறுக்கு டிஸ்கினால் கட்டைவிரல் மேலே எழும்பாது. எழும்பினால் பிரச்சினை இன்னும் மேலே, கழுத்திலோ நெஞ்சளவிலோ இருக்கிறது, அப்போது பொறுத்துப் பார்க்கும் பேச்சே கிடையாது. உங்கள் டாக்டர் கீறிப் பார்த்தது அதை ஒதுக்கிவிடத்தான்.

ஆக அந்தப் பத்து நிமிடத்தில் அவர் தனக்குள் கேட்டுக்கொண்ட கேள்விகள் இவை: வேர் நெருக்கப்பட்டிருக்கிறதா, எந்த வேர், தசை தளர்ந்துவிட்டதா, தண்டுவடத்தில் ஏதாவது இருக்குமா. ஸ்கேன் இவை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடாது. அது படம் காட்டும், அவ்வளவுதான். 1994-இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். எல்லா டிஸ்கும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு தட்டிலாவது டிஸ்க் உப்பியிருந்தது. 2015-இல் இதுபோன்ற பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வலியே இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 54 வயதில், அதுவும் தறியில் நின்றே ஆயுளைக் கழித்தவருக்கு ஸ்கேன் எடுத்தால் ஏதாவது ஒன்று நிச்சயம் எழுதியிருக்கும். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு, குனியவே பயந்து, தறிப்பக்கமே போகாமல் முடங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்கேனை நான் குறை சொல்லவில்லை. அறுவை சிகிச்சை தேவை என்று தோன்றும்போதும், அபாய அறிகுறி இருக்கும்போதும் அதுதான் வழிகாட்டி. டிஸ்கினால் வரும் கால் வலி பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்தில் நன்றாகத் தணிந்துவிடும் என்பதால்தான் தொடக்கத்தில் அவசரப்படுவதில்லை.

கையை மட்டும் நம்பினால் எப்படித் தவறலாம் என்பதற்கு என் கதையே இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஏற்காட்டுப் பக்கத்திலிருந்து காப்பி பறிக்கும் ஓர் அக்கா வலது முட்டி வலி என்று வந்தார். நானும் முட்டியைப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சூடு இல்லை, அழுத்தினால் வலிக்கவும் இல்லை. தேய்மானம் ஆரம்பம் என்று முடிவுகட்டி ஐந்து வாரம் முட்டிக்கு ஒத்தடமும் பயிற்சியும் கொடுத்தேன். பஸ் செலவு செய்து இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வந்துபோன அந்த அக்கா ஒரு நாள்கூடக் கோபப்படவில்லை. கடைசியில் என் சீனியர் ஒருவர், அந்த அக்கா அறைக்குள் நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, "முட்டியை விடுப்பா, இடுப்பு மூட்டைத் திருப்பிப் பாரு" என்றார். மல்லாக்கப் படுக்க வைத்து, இடுப்பையும் முட்டியையும் 90 டிகிரி மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் கொண்டுபோனேன். தொடை உள்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பவே இல்லை, அக்கா துள்ளிவிட்டார். இடுப்பு மூட்டு கெட்டால் முதலில் போவது இந்த உள்திருப்பம்தான். இடுப்பு மூட்டுக்கும் முட்டிக்கும் பொதுவான நரம்புகள் இருப்பதால் இடுப்பு நோய் முட்டியில் வந்து கத்தும். வலிக்கிற மூட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று பார்க்காமல் விடாதே என்று கல்லூரியிலேயே சொல்லித்தந்தார்கள். எனக்கு அது மண்டையில் ஏற அந்த அக்காவின் ஐந்து வாரம் தேவைப்பட்டது.

சீனியர் நடையில் பார்த்தது என்ன என்று பிறகு கேட்டேன். வலது காலில் நிற்கும் கணத்தில் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னபோது, நிற்காத பக்கத்து இடுப்பு கீழே இறங்கியது. நிற்கும் காலின் பிட்டத்துத் தசை இடுப்பைத் தாங்கவில்லை என்று அர்த்தம். இதை டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1895-இல் சொன்னார். இடுப்பு மூட்டு நிமிராமல் மடங்கியே நின்றுவிட்டதைக் கண்டுபிடிக்கும் இன்னொரு சோதனைக்கு ஹியூ ஓவன் தாமஸ் பெயர். அவர் பரம்பரையாக எலும்பு கட்டும் நாட்டு வைத்தியக் குடும்பத்தில் பிறந்து, பிறகு மருத்துவம் படித்தவர். பிரிட்டிஷ் எலும்பு மருத்துவத்தின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். நம் ஊரில் கட்டு போடுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். கை அறிவு அங்கும் இருந்தது, அதைப் படிப்போடு சேர்க்க ஓர் ஆள் கிடைத்தார்.

மூட்டைத் தொடும்போது என்ன தேடுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புறங்கையால் சூடு பார்ப்போம். முட்டிச்சில்லு பொதுவாகத் தொடையையும் கீழ்க்காலையும்விடக் குளிர்ச்சியாக இருக்கும். மூன்றும் ஒரே சூடாக இருந்தாலே உள்ளே ஏதோ நடக்கிறது. நீர் கொஞ்சமாகக் கோத்திருந்தால், முட்டியின் உள்பக்கத்தை மேல்நோக்கி வழித்துவிட்டு வெளிப்பக்கத்தை கீழ்நோக்கித் தடவினால் உள்பக்கம் மெல்ல உப்பும். அப்புறம் அசைவு. இதில் ஒரு சின்ன சூட்சுமம்: முதலில் நோயாளியே அசைக்க வேண்டும், பிறகு அவர் தளர விட்டு நாம் அசைக்க வேண்டும். அவரால் கையைத் தூக்க முடியவில்லை, நாம் தூக்கினால் வருகிறது என்றால் மூட்டு சரி, தசையோ தசைநாரோ நரம்போ பழுது. நாம் தூக்கினாலும் வரவில்லை என்றால் மூட்டே இறுகிவிட்டது. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகுவது அதிகம். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திறக்கச் சொன்னால் அவர்களுக்குக் கதவு திறக்காது. பின்னால் ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாமல் போனது எத்தனை மாதமாக என்று கேட்டால் நோயின் வயது தெரிந்துவிடும்.

கொலுசுப் பட்டறை வேலை செய்யும் பெண்களுக்கு வேறு. ராத்திரி விரல்கள் மரத்து விழிப்பு வருகிறது, கையை உதறினால் சரியாகிறது என்பார்கள். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரல் மட்டும் தப்பித்திருக்கும். இது மணிக்கட்டுக்குள் நரம்பு நெருங்குவது. இரண்டு புறங்கைகளையும் ஒட்டி மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருந்தால் மரமரப்பு வந்துவிடும். பெருவிரல் அடியில் உள்ள சதை மேடு வற்றியிருக்கிறதா என்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். வற்றியிருந்தால் தாமதம் கூடாது. சர்க்கரையும் தைராய்டும் சோதிக்கச் சொல்வோம்.

தசை பலவீனத்துக்குத் தரையிலிருந்து எழுவதே பெரிய சோதனை. தன் தொடை மேல் தானே கைவைத்து, ஏணி ஏறுவதுபோல் உடம்பை நிமிர்த்துகிறவருக்கு இடுப்பையும் தொடையையும் சுற்றிய தசைகள் தளர்ந்திருக்கின்றன. குழந்தைகளிடம் இதைப் பார்த்தால் உடனே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வீட்டை விட்டு வெளியே வராத நடுத்தர வயதுப் பெண்களிடம் பார்த்தால் வைட்டமின் டி குறைவும் பட்டியலில் இருக்கும்.

முதுகு விறைத்துப்போவது பற்றிச் சொல்லாமல் சேலத்தில் முடிக்க முடியாது. இடுப்புக் குழிகள் இரண்டையும் இணைக்கும் கோட்டிலிருந்து மேலே 10 செ.மீ., கீழே 5 செ.மீ. பேனாவால் குறித்து, முட்டியை மடக்காமல் குனியச் சொன்னால் அந்த 15 செ.மீ. குறைந்தது 20 ஆகவாவது நீள வேண்டும். நீளாமல், ஆள் 40 வயதுக்குள் இருந்து, பின்னிரவில் வலியால் எழுந்து, ஓய்வில் கூடி நடமாடினால் குறைகிறது என்றால் முதுகெலும்பு ஒட்டிப்போகும் அழற்சி நோயைத் தேட வேண்டும். இதே விறைப்பு வேறொரு வழியிலும் வரும். தருமபுரி மாவட்டத்திலும் அதை ஒட்டிய சேலம் மாவட்டத்துச் சில பகுதிகளிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக்கூடாது. பல வருடம் குடித்தவர்களுக்கு எலும்பும் தசைநார்களும் கெட்டித்துவிடும். இந்தியாவில் இதை முதலில் விளக்கியது 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கத்தில். சோதனை மூன்றே அசைவுதான்: முட்டியை மடக்காமல் கால் விரலைத் தொடுவது, தாடையை நெஞ்சில் தொடுவது, இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோவது. மூன்றும் வராமல் பல்லிலும் பழுப்புக் கறை கோடு கோடாக இருந்தால், எந்த ஊர், எந்தக் கிணறு என்று கேட்பேன். எக்ஸ்ரே பிறகு.

கையால் முடியாததும் உண்டு. முதுகில் எந்த எலும்பு "நகர்ந்திருக்கிறது" என்று விரலால் தடவிச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஒரே முதுகை இரண்டு பேரிடம் காட்டினால் இரண்டு இடம் சொல்வார்கள். வலிக்கு எந்த டிஸ்க், எந்தச் சிறு மூட்டு காரணம் என்று முதுகு வலி மட்டும் உள்ளவர்களில் பலருக்குத் துல்லியமாகச் சொல்லவே முடியாது. ஆபத்து இல்லை என்று சொல்ல முடியும், அதுவே பெரிய விஷயம்.

ஆபத்து என்றால் எது என்பதை அப்பாவிடம் இன்றே சொல்லி வையுங்கள், வெட்கப்பட்டு மறைத்துவிடுவார்கள். சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் போவது, மலம் கட்டுப்படாமல் போவது, இரண்டு காலும் சேர்ந்து தளர்வது. இதில் எது வந்தாலும் அன்று இரவே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும், அப்போது ஸ்கேனும் உடனே வேண்டும். நேரம் கடந்தால் திரும்பாது. இன்னொரு வகை மெதுவாக வருவது: சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பது, படுத்தாலும் குறையாத ராத்திரி வலி, முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டினால் ஓர் இடத்தில் மட்டும் முடிச்சாக மேடு தட்டுவது. முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்றும் இருக்கிறது. முன்பு எப்போதாவது புற்றுநோய் இருந்தவர்கள், பல மாதம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள், விழுந்து அடிபட்டவர்கள் இவர்களுக்கும் பொறுத்துப் பார்க்கும் விதி பொருந்தாது.

இது எதுவும் இல்லையென்றால், இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். எளிதாகக் கழற்றக்கூடிய வேட்டியோ தளர்வான பேண்டோ போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பேண்டை முட்டி வரை சுருட்டிவிட்டுப் பார்த்தால் தொடை இளைத்திருப்பது யாருக்கும் தெரியாது. தறியில் எந்தப் பக்கம் திரும்பி இழை முடிச்சுப் போடுகிறார், எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்பதை அவர் வாயாலேயே சொல்லட்டும், நீங்கள் இடையில் சொல்லாதீர்கள். வலி கெண்டைக்காலிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து குறுக்குக்கு என்று மேலே ஏறிச் சுருங்கியிருந்தால், குறுக்கில் வலி கொஞ்சம் கூடியிருந்தாலும் அது பெரும்பாலும் நல்ல சகுனம். கட்டைவிரலின் பலம் போனமுறை எத்தனை, இந்த முறை எத்தனை என்று கேளுங்கள். 5-இலிருந்து 4, 4-இலிருந்து 3 என்று இறங்கியிருந்தால் ஸ்கேன் வேண்டும் என்று அவரே சொல்வார். அந்த எண்ணைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாரிடம் போனாலும் அவருக்கு அது உதவும்.